பக்கத்துக் காலுக்குப் போன காற்று

பாலாற்றங்கரையில், தோல் பதனிடும் தொட்டிகளும் ஷூ கம்பெனிகளும் முதுகோடு முதுகு சாய்ந்து நிற்கிற சக்கரக்குப்பத்தில், ஷூவுக்கு அடிப்பாகம் வரைகிற வேலையில் இருந்த தனகோட்டி தன் புருஷன் கன்னியப்பனோடு மூன்று வருஷமாகப் பேசுவதில்லை. ஆனாலும் நேரத்துக்குச் சோறு வைத்தாள், அவன் சட்டைக்குப் பொத்தான் தைத்தாள், அவன் இருமினால் அடுப்படியிலிருந்தபடியே வெந்நீர்ச் சொம்பைச் சத்தம் வரும்படி தரையில் வைத்தாள், அவனும் அந்தச் சத்தத்தைக் கேட்டு வந்து எடுத்துக்கொண்டு போனான்.

காரணம் ஒரு கடுதாசி. கன்னியப்பன் அந்த ஊர்த் தபால்காரன். திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போன அவர்களுடைய ஒரே மகள் அமுலு, அங்கே தன்னோடு வேலை பார்த்த, வேறு சாதிக்காரனான ஒரு கட்டிங் மாஸ்டரைக் கட்டிக்கொள்ளத் தீர்மானித்து, அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார் என்று தெரிந்ததால் அம்மா பேருக்கு, இன்ன தேதி, இன்ன கோயில், நீ மட்டுமாவது வா என்று ஒரு நீல இன்லண்ட் லெட்டர் எழுதிப் போட, அது ஊர்த் தபால் ஆபீசில் முத்திரை வாங்கிக் கன்னியப்பன் கைக்கே வந்து சேர்ந்தது. மகளைப் பற்றிய பேச்சு முன்பே காதில் விழுந்திருந்ததால், அவள் கையெழுத்தைக் கண்டதும் அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவன் அதைப் பிரிக்கவில்லை, கிழிக்கவில்லை, திருப்பி அனுப்பவுமில்லை. பைக்குள் வைத்துக்கொண்டு பதினோரு நாள் ஊரெல்லாம் நடந்துவிட்டுப் பன்னிரண்டாம் நாள் பெண்டாட்டி கையில் கொடுத்தான். கல்யாணம் ஒன்பதாம் நாளே முடிந்திருந்தது. தனகோட்டி படித்தாள், மடித்தாள், மேலே இருந்த வட்ட முத்திரையின் தேதியைப் பார்த்தாள், விரல்விட்டு எண்ணினாள், அன்றைக்கு வாயை மூடியவள்தான். மறுநாளே பஸ் ஏறித் திருப்பூர் போய் மகளைப் பார்த்து, நடந்ததைச் சொல்லி அழுதுவிட்டு வந்தாள். அப்புறமும் தீபாவளிக்கு, பொங்கலுக்கு என்று போய்வந்தாள். எங்கே போகிறேன் என்று அவனிடம் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

இப்படி இருக்கையில்தான் கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு ஆர்டர் வந்தது. அங்கே வெகுதூரம் நடக்கிறவர்கள் இருக்கிறார்களாம், ஷூவுக்குள் அவர்கள் கால் வேர்த்துப் புழுங்குகிறதாம், நடக்க நடக்கக் காலுக்குக் காற்று கொடுக்கிற மாதிரி ஒரு சோல் வேண்டுமாம். மேனேஜர் இம்தியாஸ் பாய் அந்தக் காகிதத்தைத் தனகோட்டியின் மேஜையில் வைத்து, இதை நம்ம கம்பெனியில் வரையக்கூடியது நீ ஒருத்திதான்மா என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் தையல் மெஷினில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கி, அளவெடுக்கக் கற்று, அச்சு வரையக் கற்று, அந்த மேஜைக்கு வந்து சேர்ந்தவள். வெளிநாட்டுக்காரன் கால் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. வேர்த்துப் புழுங்குகிற கால் என்று அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். வேலிக்காத்தான் முள் சிதறிக் கிடக்கிற வழியில் சைக்கிள் டியூப் தாங்காமல், செருப்பும் தாங்காமல், காலை எட்டு மணிக்கு ஷூவை மாட்டிக்கொண்டு தபால் பையோடு பதினாறு கிலோமீட்டர் நடந்துவிட்டு வந்து, கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து வேப்பிலை போட்ட தண்ணீரில் ஊறவைக்கிற அந்தக் காலின் விரலிடுக்குகள் வெள்ளையாக வெந்துபோய் வெடித்திருப்பதை அவள் அடுப்படி ஜன்னல் வழியாக வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறாள்.

அந்தக் காலை மனசில் வைத்துத்தான் வரைந்தாள். இருபத்திரண்டு அச்சுகள் வீணாயின. இருபத்திமூன்றாவதில், குதிகாலுக்குக் கீழே தவளையின் தொண்டை மாதிரி உப்பிச் சுருங்குகிற ஒரு காற்றுப்பை வைத்தாள். கால் அழுத்தும்போது அந்தக் காற்று ஏழு வாய்க்கால் வழியாக ஓடி விரல்களுக்கடியில் இருக்கிற ஊசித்துளைகளில் வெளிவரும், கால் தூக்கும்போது பக்கவாட்டில் இருக்கிற ஒரு ஓட்டை புதுக்காற்றை உறிஞ்சும், உறிஞ்சின காற்று வந்த வழியே திரும்பிவிடாதபடி வெங்காயத்தோல் கனத்தில் ஒரு ரப்பர் மடல் தடுக்கும். எட்டாம் நம்பரில் ஒரு ஜோடி செய்யச் சொல்லி, வீட்டுக்குக் கொண்டுவந்து, வாசற்படியில் புதுக் காலுறையோடு வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கன்னியப்பன் பார்த்தான், உட்கார்ந்தான், மாட்டிக்கொண்டு போனான்.

மூன்றாம் நாள் அவள் பேருக்கு ஒரு இன்லண்ட் லெட்டர் வந்தது. கன்னியப்பன்தான் எழுதியிருந்தான், அவனே தபால் ஆபீசில் போட்டு, அவனே முத்திரை குத்தச் சொல்லி, அன்றைக்கே கொண்டுவந்து வாசலில் நின்று தபால் என்று குரல் கொடுத்து நீட்டியிருந்தான். சோல் நன்றாக உழைக்கிறது, காற்று வருகிறது, ஆனால் எனக்கு வரவில்லை, என் இடதுபக்கம் நடந்துவந்த கீரைக்காரம்மாவுக்கு வருகிறது என்று எழுதியிருந்தது. கீரைக்காரம்மா கூடையோடு கூட வந்தவள், பத்தடி போனதும் தன் வெறுங்காலைக் குனிந்து பார்த்து, தபால்காரரே உன் பக்கத்துல வந்தா காலு ஜில்லுனு கீது என்று சொன்னாளாம். நாலாவது தெருவில் ஒரு நாயும் கூட வந்ததாம், அதுவும் விலகவில்லையாம்.

தனகோட்டி இரண்டு தடவை படித்தாள். பக்கவாட்டு ஓட்டையை உள்பக்கமாக மாற்றிப் பார்த்தாள். ஏழு வாய்க்காலை ஐந்தாக்கிப் பார்த்தாள். துளைகளை அடைத்துக்கூடப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு இன்லண்ட் லெட்டர் வந்தது, ஒவ்வொன்றிலும் பக்கத்தில் வந்தவர் பேர் இருந்தது: பீடிக்கட்டு கொண்டுபோன சுல்தான் பாய், பள்ளிக்கூட டீச்சரம்மா, மலையடிவாரத்து ஆட்டுக்காரர். எப்படிச் செய்தாலும் நடக்கிறவனின் காலடியிலிருந்து கிளம்புகிற காற்று அவனுடைய விரல்களைத் தொடாமல் பக்கத்தில் நடக்கிறவரின் காலுக்குத்தான் போனது. அவள் இதில் அதிசயம் எதையும் காணவில்லை; அச்சில் ஏதோ ஒரு தப்பு, அதைக் கண்டுபிடிக்கத் தனக்கு இன்னும் படிப்பு போதவில்லை என்று மட்டும் நினைத்தாள். இதற்குள் கம்பெனி அவசரப்பட்டு இருநூற்று நாற்பது ஜோடி செய்து முடித்துவிட்டது.

பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர் ஒரு இரும்புக் காலைக் கொண்டுவந்தார். அதற்கு ஷூவை மாட்டி மேஜைமேல் நடக்கவிட்டார். இரும்புக்கால் ஒண்டியாக முந்நூறு அடி நடந்தது. அளவு காட்டுகிற முள் பூஜ்யத்தைவிட்டு அசையவில்லை. பக்கத்தில் யாராவது நடந்தால் தெரியும் என்று தனகோட்டி சொன்னதை இம்தியாஸ் பாய் தனக்குத் தெரிந்த மட்டும் மொழிபெயர்த்தார். எங்கள் ஊரில் நடக்கிறவர்கள் தனியாகத்தான் நடக்கிறார்கள் என்று அந்த மனிதர் மரியாதையாகவே பதில் சொல்லிவிட்டு, இரும்புக்காலைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனார். சாதாரணமான ஓட்டைகள் வைத்த ஒரு சோலைத் தனகோட்டி இரண்டு வாரத்தில் வரைந்து கொடுக்க, ஆர்டர் அதில் ஓடியது. தள்ளுபடியான இருநூற்று நாற்பது ஜோடியை இம்தியாஸ் பாய், கிடங்கில் இடமில்லை, ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு போங்கள் என்று தொழிலாளிகளுக்குக் கொடுத்துவிட்டார்.

அப்புறம்தான் சக்கரக்குப்பம் அந்தக் காற்றைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. சாயங்காலம் சைரன் ஊதியதும் கம்பெனி வாசலிலிருந்து, புடவைக்கும் பர்தாவுக்கும் வேட்டிக்கும் கீழே ஒரே மாதிரி பழுப்பு ஷூ தெரிய, எல்லோரும் இரண்டிரண்டு பேராக வெளியே வந்தார்கள், ஏனென்றால் ஒண்டியாக நடந்தால் அது வெறும் ஷூ, இரண்டு பேராக நடந்தால்தான் ஆளுக்கு ஆள் காற்று. முதலில் யார் கிடைத்தாலும் சேர்ந்து நடந்தார்கள்; சீக்கிரமே ஒவ்வொருவர் காற்றும் ஒவ்வொரு மாதிரி என்பதைத் தெரிந்துகொண்டார்கள். வாய் ஓயாமல் சண்டை பிடிக்கிற சரோஜாவின் காற்று மழைக்கு முந்தைய காற்றாக இருந்தது, எல்லோருக்கும் சிரித்துப் பேசுகிற ஸ்டோர் கீப்பரின் காற்று பஸ் இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. இதைப் பற்றி யாரும் யாரிடமும் விளக்கம் கேட்கவில்லை, சரோஜாவோடு நடக்க இடம் பிடித்தார்கள், அவ்வளவுதான். பதினாறு வருஷம் ஒரே சுவருக்காகக் கோர்ட்டுக்குப் போன இரண்டு அண்ணன் தம்பிகள், தாசில்தார் சொன்னபடி சுவரை அளக்க ஒன்றாக நடந்தபோது, அண்ணன் காற்று தம்பிக்கும் தம்பி காற்று அண்ணனுக்கும் நல்லபடியாகப் பட்டுத் தொலைத்ததில் இருவருக்கும் வெட்கமாகப் போய்விட்டது. வழக்கு என்னவோ தொடர்ந்து நடந்தது, ஆனால் கோர்ட்டுக்குச் சேர்ந்தே நடந்து போனார்கள். பெண் பார்க்க வந்த இடங்களில் காபி கொடுத்தானதும் பையனையும் பெண்ணையும் ஷூ மாட்டி ஏரிக்கரை வரைக்கும் அனுப்பி வைத்தார்கள். போய்வந்த பெண் நேராகக் கால் கழுவப் போனால், காற்று ஒத்துவரவில்லை என்று பெரியவர்கள் புரிந்துகொண்டு வேறு பேச்சுக்குப் போனார்கள்.

ஊரில் ஷூ இல்லாதவர்களுக்கும் காற்று கிடைத்தது. நாலுரோட்டில் வெயிலில் நின்று வண்டிகளை ஒழுங்குபடுத்துகிற போலீஸ்கார அம்மா சலோமிக்கு நடக்கவே வழியில்லை, கனத்த பூட்சுக்குள் கால் வெந்துகொண்டிருக்கும். அதை யார் முதலில் யோசித்தார்களோ தெரியாது, ஷிப்ட் விட்டுப் போகிறவர்கள் எல்லோரும் தங்கள் வீடு எந்தப் பக்கம் இருந்தாலும் ஒருமுறை சலோமியைச் சுற்றி நடந்துவிட்டே போனார்கள். சுற்றுகிறவர்களால் போக்குவரத்து நின்றது. சலோமி விசிலை வாயில் வைத்துக்கொண்டு, ஊதாமல், கண்ணை மூடி ஒரு நிமிஷம் நின்றுவிட்டு அப்புறம்தான் ஊதுவாள். லாரிக்காரர்களும் அந்த ஒரு நிமிஷம் ஹாரன் அடிப்பதில்லை.

இதெல்லாம் சாயங்காலத்துக் கதை. பகலில் ஷூ போட்டவர்கள் எல்லோரும் கம்பெனிக்குள் இருந்தார்கள். பகல் முழுக்க ஊருக்குள் ஷூவோடு நடந்தவன் கன்னியப்பன் ஒருவன்தான். அவன் தெருவுக்குள் நுழைந்ததும் காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக அவனோடு சேர்ந்துகொண்டார்கள், முட்டிவலிக்காரர்கள், பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், கடிதமே வராதவர்கள். யாரையும் அவன் வேண்டாமென்று சொல்லவில்லை. அவர்கள் நடைக்குத் தக்கபடி தன் நடையைக் குறைத்துக்கொண்டான். அவன் காற்று எப்படியிருக்கிறது என்று கேட்டால், சீராக இருக்கிறது, நிற்காது, என்றார்கள். பதினாறு கிலோமீட்டரும் ஊருக்குக் காற்று கொடுத்துவிட்டு அவன் வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றியபோது விரலிடுக்குகள் முன்னைவிட மோசமாக வெந்திருந்தன. இதை அவன் எந்த இன்லண்ட் லெட்டரிலும் எழுதவில்லை.

ஆனால் ஒருநாள் கிணற்றடியிலிருந்து அவன் உள்ளே வந்த வழியில், சிமெண்டுத் தரையில், ஈரக் கால்தடங்களின் விரல்பக்கத்தில் லேசாகச் சிவப்பு இருந்ததைத் தனகோட்டி கண்டாள். அவள் தடங்களைத் துடைக்கவில்லை. அவற்றின் பக்கத்தில் உட்கார்ந்து, தான் வரைந்த வரைபடத்தைப் பார்க்கிற மாதிரி வெகுநேரம் பார்த்தாள். யாருக்காக வரைந்தாளோ அவனைத் தவிர ஊரில் எல்லோர் காலும் குளிர்ந்திருந்தது. ஷூவைத் தூக்கிப் போடச் சொல்லலாம், ஆனால் அதற்கு வாய்திறந்து சொல்ல வேண்டும். அதுவுமில்லாமல் முள்வழியில் அவனுக்கு வேறு எதுவும் உதவாது. மறுநாள் இம்தியாஸ் பாயிடம் லீவு கேட்டாள். பெண்கள் அளவில் ஐந்தாம் நம்பர் ஒரு ஜோடி மிச்சம் இருந்தது, அதை எடுத்துக்கொண்டாள். இத்தனை நாள் தனக்கென்று ஒன்று எடுத்துக்கொள்ள அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்குக் கன்னியப்பன் பையை மாட்டிக்கொண்டு தபால் ஆபீஸ் படியிறங்கியபோது தனகோட்டி கீழே நின்றிருந்தாள். அவன் நடந்தான், அவள் அவனுடைய இடதுபக்கம் நடந்தாள். வழக்கமாகச் சேர்ந்துகொள்கிறவர்கள் தத்தம் வாசலில் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, அன்றைக்கு வேலை இருக்கிற மாதிரி உள்ளே போய்விட்டார்கள். கீரைக்காரம்மா மட்டும் தெருவின் எதிர்ச்சாரிக்கு மாறி, அங்கிருந்தே கூட நடந்தாள், கொஞ்ச தூரம்.

முதல் அடியிலேயே அவன் காற்று அவளுக்கு வந்துவிட்டது. ஊரார் சொன்னது சரிதான், சீராக இருந்தது, ஒரு அடியில்கூடக் குறையவில்லை. அவள் தன் காற்று அவனுக்குப் போகிறதா என்று அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் முகம் ஒன்றும் காட்டவில்லை. கடைத்தெரு முடிந்தது, தொட்டித்தெரு முடிந்தது. ரயில்வே கேட்டில் கதவு திறக்கக் காத்திருந்தபோது அவள் குனிந்து, முந்தானையிலிருந்து ஒரு நூலைப் பிரித்து, நின்ற இடத்திலேயே காலை ஊன்றி எடுத்துத் தன் ஷூவின் ஓட்டைக்கு முன்னால் பிடித்துப் பார்த்தாள். நூல் ஆடியது. காற்று போகிறது, ஆனால் சேரவில்லை. இரண்டு பேர் நடந்தும் சேராத காற்றை அவள் அதுவரைக்கும் கேள்விப்பட்டதில்லை.

கேட் திறந்தது. தண்டவாளத்தைத் தாண்டி வேலிக்காத்தான் காட்டுக்குள் அவன் நொண்டி நொண்டி நடந்தான், நொண்டுவது தெரியக்கூடாது என்று பையைத் தோள் மாற்றித் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டான். அதைப் பார்த்துக்கொண்டே வந்த தனகோட்டி, மூன்று வருஷத்துக்குப் பிறகு, தன் குரல் தனக்கே வேறாகக் கேட்க, கேட்டாள்.

"அந்தக் கடுதாசிய பையில எங்க வெச்சிருந்த?"

கன்னியப்பன் நின்றான். பையைத் திறந்து, உள்பக்கம் பொத்தான் போட்ட சின்ன அறையைக் காட்டினான்.

"ரிஜிஸ்டர் தபால் வெக்கிற எடம். பதினோரு நாளும் இதுலதான். தெனம் எடுத்துக்கினு நம்ம வாசல் வரைக்கும் வருவேன். நீ போனா திரும்பி வரமாட்டியோன்னு பயம் வந்துடும். மறுபடியும் உள்ள வெச்சிடுவேன்."

"நான் எங்கய்யா போவேன்? தாலி எடுத்துக் குடுத்துட்டு, மறுநாள் விடியறதுக்குள்ள வந்து ஒனக்குச் சோறாக்கியிருப்பேன்."

அவன் பொத்தானைப் போட முயன்றான், போட முடியவில்லை, அவள்தான் போட்டாள். நான் செய்தது தப்புதான் என்று அவன் சொன்னான். ரொம்ப மெதுவாகச் சொன்னான், ஆனால் அந்தக் காட்டில் வேறு சத்தம் இல்லாததால் அவளுக்கு நன்றாகவே கேட்டது. பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. தப்புதான் என்றாள், நட என்றாள். நடந்தார்கள். முப்பதடி போயிருப்பார்கள், கன்னியப்பன் தன் சுண்டுவிரலைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டான்; நாற்பதடியில் அவன் நடை நொண்டுவதை விட்டது; மலையடிவாரத்துக்குப் போய்ச் சேர்வதற்குள், ஏரி நிரம்பிக் கலங்கலில் தண்ணீர் வழிகிற நாளில் கரைமேல் நடந்தால் காலில் படுமே அந்த மாதிரிக் காற்று தன் பத்து விரலுக்கும் நடுவில் போய்வருகிறது என்று அவளிடம் சொன்னான். எவ்வளவு அழுத்தம், எந்த விரலில் முதலில் பட்டது என்று அவள் கேட்டாள், அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். அன்றைக்கு ஆட்டுக்காரர் வீட்டுத் தபாலைச் செங்கல்சூளை வீட்டிலும் செங்கல்சூளைத் தபாலை ஆட்டுக்காரர் வீட்டிலும் கொடுத்துவிட்டான். இருபத்தாறு வருஷ சர்வீசில் அவன் வீடு மாற்றிக் கொடுத்தது அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம் தனகோட்டி கம்பெனிக்குப் போகும் முன் தினமும் ரயில்வே கேட் வரைக்கும் அவனோடு நடந்தாள், சாயங்காலம் எதிர்கொண்டு போய் நடந்து திரும்பினாள். ஒரு மாதத்தில் அவன் விரலிடுக்குகளில் புதுத்தோல் வந்தது. புதுத்தோல் வந்த வாரத்தில் அவன், திருப்பூருக்கு எந்த பஸ்ஸில் போவாய் என்று கேட்டான். விடிகாலை நாலே முக்காலுக்கு சேலம் பஸ், அங்கே மாற வேண்டும் என்று அவள் சொன்னாள். நீ வந்தால் அவள் பேசுவாள் என்று நான் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னாள். மஞ்சள் துணிப்பையில் மகளுக்கு நாலாம் நம்பரில் ஒரு ஜோடி எடுத்துவைத்தாள். சரோஜாவின் தங்கை வெளியூர் வேலைக்குப் போனபோது விட்டுப்போனது.

அமுலு பேசவில்லை. கதவைத் திறந்தாள், அம்மாவை உள்ளே கூப்பிட்டாள், அப்பாவுக்கும் சேர்த்து மூன்று தம்ளரில் டீ வைத்தாள், அவன் பக்கம் திரும்பவில்லை. மாப்பிள்ளை ஜெயசீலன்தான், வாங்க மாமா, உட்காருங்க மாமா என்று நாற்காலியைத் துடைத்துத் துடைத்துப் போட்டான். ஷூவைப் பற்றித் தனகோட்டி மகளிடம் சொன்னாள். யாருக்கு யார் காற்று போகும் என்பதையும் சொன்னாள். அமுலு அதை வாங்கி, திருப்பிப் பார்த்து, அம்மா வரைந்த ஏழு வாய்க்காலையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு மாட்டிக்கொண்டாள். பால் தீர்ந்துவிட்டது, கடைவரைக்கும் போய்வருகிறேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.

கன்னியப்பன் எழுந்து, தன் ஷூவை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனான். தனகோட்டி வாசலில் நின்று பார்த்தாள். மகள் வேகமாக நடந்தாள், அவன் எட்டிப் பிடித்து அவளுடைய வலதுபக்கம் சேர்ந்துகொண்டான், அந்தக் கணத்தில் அவன் தோள்கள் இரண்டும் தூக்கிக்கொண்டதைத் தனகோட்டி அங்கிருந்தே கண்டாள். காற்று சேர்ந்துவிட்டது, சேர்ந்த காற்று சுண்ணாம்புக் காளவாயின் வாயிலிருந்து வருகிற மாதிரி வந்தது, காலுறைக்குள் நுழைந்து அவனுடைய புதுத்தோலில் ஒவ்வொரு விரலாகப் போய்ப் பட்டது. அவன் ஒரு அடிகூட விலகவில்லை. பனியன் கம்பெனிகளின் சுவர் ஓரமாக, சாக்கடைப் பாலத்தைத் தாண்டி, பால்கடையும் தாண்டி, அவள் எடுத்துவைத்த அடிக்கு அடி வைத்து நடந்தான்.

கடை தாண்டிவிட்டது அமுலுவுக்கும் தெரிந்துதான் இருந்தது. தெருமுனையில் நின்றாள். அவன் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தாள்.

"சுடுதாப்பா?"

"சுடுது," என்றான் கன்னியப்பன். "இன்னும் கொஞ்ச தூரம் போலாம், நட."